இட்லியை விட்டுவிட்டு ஈயை மட்டும் தின்கிற செடி, உள்ளே என்னதான் நடக்கிறது?

காட்பாடி மாடிவீடு:
வணக்கம். என் பெண் பாடப் புத்தகத்தில் பூச்சியுண்ணும் தாவரம் பற்றிப் படித்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு, சரி போகட்டும் என்று ஆன்லைனில் ஒரு வீனஸ் ஃபிளைட்ராப் வாங்கிக் கொடுத்தேன். நேற்று முன்தினம் அவள் ஒரு இலையில் இட்லித் துணுக்கைப் போட்டிருக்கிறாள், டக்கென்று மூடிக்கொண்டது. மறுநாள் பார்த்தால் இலை திறந்து கிடக்கிறது, இட்லி போட்டபடியே இருக்கிறது. ஆனால் போன வாரம் பக்கத்து இலையில் தானாக வந்து மாட்டிய ஈயை நாள் கணக்கில் விடவே இல்லை. திறந்தபோது வெறும் கூடுதான் மிச்சம்.

கண் இல்லை, மூக்கு இல்லை, நாக்கு இல்லை. எது ஈ, எது இட்லி என்று அதற்கு எப்படித் தெரியும்? வயிறே இல்லாமல் எப்படிச் செரிக்கிறது? பெண் விடாமல் கேட்கிறாள். இதில் என் மாமியார் வேறு, கறி தின்கிற செடி வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடிக்குக் கொண்டுபோ என்கிறார்.

குடியாத்தம் டீச்சர்:
தம்பி, உங்கள் பெண்ணின் கேள்வி நல்ல கேள்வி. அந்தச் செடி இட்லியை ருசி பார்த்து ஒதுக்கவில்லை, தொடுகைகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். இலையின் உள்பக்கம் உற்றுப் பாருங்கள், இரண்டு மடலிலும் பெரும்பாலும் மூன்று மூன்று மெல்லிய முடிகள் நிற்கும். ஒரு முடி அசைந்தால் இலை முழுக்க ஒரு மின் சைகை ஓடும், ஆனால் இலை மூடாது. ஏறக்குறைய 20 விநாடிக்குள் இன்னொரு தடவை அசைந்தால்தான் மூடும், அதுவும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில். வெளிப்பக்கமாக வளைந்திருக்கும் மடல்கள் சட்டென்று உட்பக்கமாகப் புரள்வதால்தான் தசையே இல்லாத இலைக்கு அந்த வேகம். ஒரே தொடுகையில் மூடினால் மழைத்துளிக்கும் தூசிக்கும் மூடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு இலை சில தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கருகிவிடும், அதனால் வீண் செலவு கூடாது.

இட்லி விழுந்தபோது இரண்டு முடி அசைந்திருக்கும், மூடியிருக்கும், அதுவரை சரி. ஆனால் முதலில் மூடுவது முழு மூடல் இல்லை. ஓரத்துப் பற்கள் கம்பி போட்டது போல நிற்கும், நடுவே இடுக்கு இருக்கும். குட்டி எறும்பாக இருந்தால் அதன் வழியாக ஓடிவிடும், தின்று பிரயோசனம் இல்லாததை விட்டுவிடத்தான் இந்த ஏற்பாடு என்று 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதிய டார்வின் நினைத்தார். மாட்டியது ஈ என்றால் உள்ளே துடிக்கும், துடிக்கத் துடிக்க முடிகள் மறுபடி மறுபடி அசையும். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியது இதைத்தான்: இரண்டு தொடுகைக்கு இலை மூடுகிறது, ஐந்துக்கு மேல் போனால் செரிமான நொதிகளைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. ஈ எவ்வளவு போராடுகிறதோ அவ்வளவு நொதி. இட்லி எங்கே போராடும்? அதனால் ஒரு நாள் போலக் காத்திருந்துவிட்டுத் திறந்துகொண்டது.

வயிறு எங்கே என்றால், அந்த இலையேதான். துடிப்பு தொடர்ந்தால் ஓரங்கள் இறுக ஒட்டி உள்ளே காற்றுப் புகாத பை போல ஆகிவிடும். உட்சுவர் முழுக்கச் சிறு சுரப்பிகள் உண்டு, அவை அமிலமும் புரதத்தை உடைக்கும் நொதிகளும் கலந்த நீரைச் சுரக்கும். ஈயின் உடலிலிருந்து கசியும் பொருள்களும் சுரப்பைக் கூட்டிவிடும். சதை கரைந்து குழம்பானதும் அதே சுரப்பிகளே அதை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு 5 முதல் 12 நாள் வரை ஆகலாம். மேலோடு பெரிதாகக் கரையாது, நீங்கள் பார்த்த கூடு அதுதான். ஒன்று கவனியுங்கள், இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குப் பெரிய பூச்சி மாட்டினால் ஓரம் ஒட்டாது, உள்ளே பாக்டீரியா புகுந்து இலையே அழுகும்.

ஆற்காடு செடிப்பித்தன்:
டீச்சர் அருமையாகச் சொல்லிவிட்டார்கள், நான் மாமியார் விவகாரத்துக்கு வருகிறேன். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள் சார்: இதன் சாப்பாடு சைவம், உரம் மட்டும்தான் அசைவம். மற்ற செடி மாதிரியே வெயிலில்தான் தன் மாவுச்சத்தைத் தயாரிக்கிறது. இது இயற்கையாக வளர்வது அமெரிக்காவில் வட, தென் கரோலினா மாநிலங்களின் சதுப்பு மண்ணில் மட்டும்தான், அங்கே மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. அந்தக் குறையைத்தான் பூச்சி தீர்க்கிறது. அதனால் பாவம் என்று யூரியா, டிஏபி, மாட்டுச் சாணம் எதுவும் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துவிடும்.

என் கைக்கு வந்தது குடுவைச் செடி, நெபந்தஸ். எனக்கு ஃபிளைட்ராப்பை விட இதுதான் பெரிய தந்திரசாலி, கொஞ்சம்கூட அசையாமல் பிடிக்கிறது. இலை நுனி நீண்டு குடுவையாகிறது, வாய் விளிம்பில் தேன் சுரக்கிறது. விளிம்பு ஈரமானால் எறும்புக்குக் கால் நிற்காது, வழுக்கி உள்ளே விழும், பல வகைகளில் உட்சுவரில் மெழுகுப் பூச்சும் இருப்பதால் ஏறியும் வர முடியாது, அடியில் இருக்கும் நீரில் அமிலமும் நொதியும் தயார். வேடிக்கை என்னவென்றால் விளிம்பு காய்ந்திருக்கும் நேரத்தில் வரும் முதல் எறும்பு தேன் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பிப் போய்க் கூட்டத்தையே அழைத்து வருகிறது, அதற்குள் விளிம்பு நனைந்திருந்தால் மொத்தமும் உள்ளே. போர்னியோ மலையில் நெபந்தஸ் லோவியை என்று ஒரு வகை உண்டு, அது மர மூஞ்சூறுக்குத் தேன் கொடுத்து அதன் எச்சத்தைக் குடுவையில் வாங்கிக்கொள்கிறது. இதையும் மாமியாரிடம் சொல்லலாமா என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

ஆலங்காயம் பையன்:
அண்ணா, இதற்கெல்லாம் அமெரிக்கா, போர்னியோ போக வேண்டாம். சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்கிற ட்ரோசெரா நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மழைக்குப் பிறகு பாறைச் சரிவில் தண்ணீர் கசியும் இடத்தில் குனிந்து தேடணும், செடியே ஒரு ரூபாய் நாணயம் அகலம்தான் இருக்கும், சிவப்பாக. பனித்துளி மாதிரி மின்னுவது தண்ணீர் இல்லை, பசை. கொசு ஒட்டிக்கொண்டால் சுற்றியிருக்கும் முடிகள் மெதுவாக அதன் பக்கம் வளையும். ஏரி, குளத்தில் மிதக்கும் யூட்ரிகுலேரியாவும் இந்தக் கூட்டம்தான். குண்டூசித் தலை அளவுப் பைகள், உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டுச் சுருங்கி நிற்கும், நீர்ப்பூச்சி வாசல் முடியைத் தொட்டால் ஒரு மில்லி விநாடிக்குள் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். வேகத்தில் ஃபிளைட்ராப் எல்லாம் இதன் பக்கத்திலேயே வர முடியாது.

பார்த்தால் பிடுங்காதீர்கள், தொட்டிக்கு மாற்றினால் பிழைப்பது கஷ்டம்.

காட்பாடி மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. பெண் அழுகண்ணியைப் பார்க்கணும் என்று இப்போதே கிளம்பத் தயார். ஒரு சந்தேகம், இத்தனை நாளாக போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், இலை நுனிகள் கருகுகின்றன. வெயிலாலா?

குடியாத்தம் டீச்சர்:
வெயிலை விட தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு நமக்கே தெரியும், தென்னையே திணறும், இது சத்தில்லாத சதுப்பில் பிறந்த செடி. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். வீட்டு ஆர்ஓ தண்ணீரை அப்படியே நம்பாதீர்கள், பல மெஷின்கள் ருசிக்காக உப்பைத் திரும்பச் சேர்க்கின்றன, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 50-க்குக் கீழே காட்டினால் ஊற்றலாம். தட்டில் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை நிறுத்துங்கள், மேலாக ஊற்ற வேண்டாம். காலை வெயில் வேண்டும், நம்ம ஊர் சித்திரை, வைகாசி மத்தியான வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது குளிர்காலத்தில் சில மாதம் ஓய்வெடுக்கும் செடி, வேலூர் மார்கழி அதற்குப் போதாது. சிலர் தொட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்துச் சமாளிக்கிறார்கள். அதற்கும் மாமியாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.