பதவி விலகும் இயக்குநரும் பதிவாளருக்குப் படிவம் அனுப்ப வேண்டுமா?

நொய்யல்:
கம்பெனிகள் சட்டம், 2013-இன் 168-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தபோது, பதவி விலகும் இயக்குநர் தம் விலகல் கடிதத்தின் நகலைக் காரணங்களுடன் 30 நாட்களுக்குள், கம்பெனிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு அதிகாரியான பதிவாளருக்கு டிஐஆர்-11 படிவத்தில் அனுப்பியே ஆக வேண்டும் என்றிருந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அத்திருத்தம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கம்பெனி தன் பங்குக்கு, இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தத் தளர்வு தவறு என்பதும், விலகுபவரின் தாக்கலை மீண்டும் கட்டாயமாக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

கம்பெனிச் செயலராகத் தொழில் செய்யும் எனக்கு அடிக்கடி எதிர்ப்படும் நிலைமை இது. இரண்டு பங்காளிகள் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறார்கள். மனக்கசப்பில் ஒருவர் கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். எஞ்சியவர் கோபத்தாலோ அலட்சியத்தாலோ டிஐஆர்-12 தாக்கல் செய்வதில்லை. போனவரின் பெயர் ஆண்டுக்கணக்கில் பதிவேட்டில் நிற்கிறது. அந்தக் கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால், 164(2)-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுத் தகுதியிழப்பு அந்தப் பெயர் மீதும் வந்து விழுகிறது. 2017-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தோர் பட்டியலில் ஏறியபோது, தாம் எப்போதோ விலகிவிட்டதாகவும் கம்பெனிதான் தெரிவிக்கவில்லை என்றும் நீதிமன்றப் படியேறியவர்கள் இருந்தார்கள். தம் கையாலேயே ஒரு படிவம் தாக்கல் செய்திருந்தால் அவர்களுக்கு அந்த அலைச்சல் பெருமளவு குறைந்திருக்கும்.

வைகைக்கரை:
நண்பர் நொய்யல் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன்; ஆனால் அவர் சொல்லும் தீர்வு, தவறு செய்தவரை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவரின் தலையில் சுமையை ஏற்றுகிறது. விலகல் எப்போது செல்லுபடியாகிறது என்பதை 168(2) ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், இவற்றில் எது பிந்தியதோ அது. பதிவாளர் குறித்துக்கொண்டால்தான் விலகல் நிறைவேறும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பதிவேட்டை நடப்பு நிலவரத்தோடு வைத்திருக்கும் கடமை கம்பெனியுடையது. அதில் தவறினால் 172-ஆம் பிரிவின்படி 50,000 ரூபாயும், தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயும், கம்பெனிக்கு 3 லட்சம், பொறுப்பான அதிகாரிக்கு 1 லட்சம் என்ற உச்சவரம்பு வரை தண்டம் உண்டு. விலகுபவரின் தாக்கலைக் கட்டாயமாக்கினால் இதே தண்டத்தின் நிழல் அவர் மீதும் விழும்.

நடைமுறையில் இன்னொரு தடையும் உண்டு. சிறு கம்பெனிகளில் இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை. ஆடிட்டர் அலுவலக மேசை இழுப்பறையில், கம்பெனியின் பெயர் ஒட்டிய உறையில், மற்றவர்களின் டோக்கன்களோடு கிடக்கும். அதன் கடவுச்சொல்லும் அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். ஓ.டி.பி. போகும் கைப்பேசி எண்கூடச் சில இடங்களில் கம்பெனிக் கணக்காளருடையதாக இருக்கும். சண்டையிட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அந்த டோக்கனை எப்படிக் கேட்டு வாங்குவார்?

நூல்வணிகர்:
நான் சட்டம் படித்தவன் அல்லன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் கடனுக்குக் கொடுப்பவன். புதிய கம்பெனி ஒன்று சரக்கு கேட்டால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் பெயரைத் தட்டி, பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்களின் பெயர்கள், கடைசியாகக் கணக்கு தாக்கல் செய்த ஆண்டு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன். அந்தப் பட்டியலில் ஊரறிந்த நாணயமானவர் ஒருவரின் பெயர் இருந்தால் அறுபது நாள் தவணைக்கு நூல் போகும். அவர் எட்டு மாதங்களுக்கு முன்பே விலகிவிட்டார் என்றால், நான் யாரை நம்பிக் கடன் கொடுத்தேன்? விலகல் எந்த நாளில் செல்லுபடியானது என்று நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். அது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. பதிவேட்டைப் பார்த்துச் சரக்கு அனுப்பும் என்னைப் போன்றவர்களுக்கு, அங்கே எழுதியிருப்பதுதான் கம்பெனி. ஆகவே பெயர் நீங்குவதற்கு ஒருவருக்கு இருவர் பொறுப்பேற்பது நல்லது என்றே எனக்குப் படுகிறது.

நொய்யல்:
நூல்வணிகர் சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம். பதிவேடு இயக்குநர்களுக்காக வைக்கப்பட்டதன்று, பிறருக்காக வைக்கப்பட்டது. 399-ஆம் பிரிவு எவரும் கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பார்வையிடலாம் என்று சொல்வதன் பொருள் அதுவே.

வைகைக்கரை அவர்கள் வழக்கறிஞர் என்பதால் 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். ஹர்ஷேந்திர குமார் வழக்கில், கம்பெனி கொடுத்த காசோலைகள் பணமின்றித் திரும்பியதற்காக முன்னாள் இயக்குநர் மீது தொடரப்பட்ட குற்ற வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. காசோலை கொடுக்கப்படும் முன்பே அவர் விலகியிருந்தார் என்பதற்கு, பழைய சட்டத்தின்கீழ் பதிவாளரிடம் தாக்கலான படிவம் 32 பொது ஆவணமாக நின்று கைகொடுத்தது. அந்தப் படிவத்தைக் கம்பெனி அன்றே தாக்கல் செய்திருக்காவிட்டால், அவர் வெறும் கடித நகலை வைத்துக்கொண்டு விசாரணை முழுவதையும் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். செல்லுபடியாவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. 168(2) முன்னதைத் தருகிறது. பின்னதைப் படிவம்தான் தருகிறது.

டோக்கன் ஆடிட்டரிடம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஆதாரும் நிரந்தரக் கணக்கு எண்ணும் காட்டிப் புதிய டிஜிட்டல் கையொப்பம் வாங்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. கையெழுத்தைப் பிறர் வசம் விட்டுவைக்கும் பழக்கத்தைக் காரணம் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தினால் அந்தப் பழக்கம்தான் வளரும்.

இளவெயினி:
இதுவரை பேசியவர்கள் அனைவரும் இயக்குநர் என்றால் கம்பெனியை நடத்துபவர் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்று 149-ஆம் பிரிவு சொல்வதால், நம் ஊர்க் குடும்பங்களில் அந்த இரண்டாவது பெயர் மனைவி, அண்ணி, அம்மா என்று யாருடையதாகவோ இருக்கிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். நான் என் கொழுந்தனாரின் கம்பெனியில் அப்படித்தான் இயக்குநரானேன். விலக முடிவு செய்து பதிவு அலுவலக முகவரிக்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். முகவரியில் அப்படி யாரும் இல்லை என்ற குறிப்புடன் உறை திரும்பி வந்தது. கம்பெனி இடம் மாறி ஓராண்டுக்கு மேலாகியும், முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் ஐஎன்சி-22 படிவத்தைத் தாக்கல் செய்யவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள் எது என்று இப்போது யார் சொல்வது? என்னைப் போன்றவர்களுக்குக் கட்டாயம் என்ற சொல் அச்சத்தைத் தருகிறது. அதே நேரம், இப்படி ஒரு படிவத்தை நானே தாக்கல் செய்யலாம் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வைகைக்கரை:
அம்மையீர், பதிவேட்டில் உள்ள பதிவு அலுவலக முகவரிக்குத் தபாலில் அனுப்புவதைக் கம்பெனியிடம் முறையாகச் சேர்ப்பித்ததாக 20-ஆம் பிரிவு ஏற்கிறது. முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்காதது 12-ஆம் பிரிவின்படி கம்பெனியின் தவறு. அதற்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், 1 லட்சம் வரை தண்டம். தன் தவற்றைக் காட்டி, கடிதம் வரவில்லை என்று கம்பெனி வாதாடுவது எளிதன்று. திரும்பிய உறையைப் பிரிக்காமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள்.

உங்கள் அனுபவம் என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. நீங்கள் டிஐஆர்-11 தாக்கல் செய்தாலும், கம்பெனி டிஐஆர்-12 தாக்கல் செய்யும் வரை இணையதளத்தின் இயக்குநர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீங்குவதில்லை என்பதே நடைமுறை. நூல்வணிகர் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். உள்ளே கிடக்கும் டிஐஆர்-11-ஐ அன்று. அவருக்குப் பயன்படாத, உங்கள் பெயரையும் நீக்காத ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கி எதைச் சாதிக்கப் போகிறோம்? மாற வேண்டியது பதிவாளர் அலுவலகத்தின் நடைமுறை. டிஐஆர்-11 வந்தவுடன் கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பி, 30 நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், விலகியவர் என்று பட்டியலிலேயே குறிப்பிட வேண்டும். அப்படி ஒரு பயன் கிடைக்கும் என்றால், கட்டாயப்படுத்தாமலேயே எல்லோரும் தாமாகத் தாக்கல் செய்வார்கள்.

நூல்வணிகர்:
அந்தக் குறிப்பு பட்டியலில் வருமானால் எனக்கு அதுவே போதும். ஆனால் முப்பது நாள் காத்திருக்காமல், விலகல் தெரிவிக்கப்பட்டுள்ளது என்று முதல் நாளே காட்டட்டும். சரக்கு ஒரே வாரத்தில் கைமாறிவிடுகிறது.

நொய்யல்:
பட்டியலில் உடனடிக் குறிப்பு வேண்டும் என்பதை முழுமையாக ஆதரிக்கிறேன். விலகியவருக்குத் தண்டம் வேண்டாம் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. தாமதித்தால் கூடுதல் கட்டணம் மட்டும் போதும். கட்டாயம் வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. விருப்பத்துக்கு விடப்பட்ட படிவத்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பதற்கு இளவெயினி அவர்களின் கடைசி வரியே சான்று. கட்டாயமாக இருந்திருந்தால், கடிதம் எழுதிக் கொடுத்தவரே அதையும் சொல்லியிருப்பார்.

இளவெயினி அவர்களுக்கு ஒன்று: உங்கள் விலகல் கடிதம், அதைத் தபாலில் சேர்த்த ரசீது, திரும்பிய உறையின் இருபுறப் படம் ஆகியவற்றை இணைத்து, புதிய டிஜிட்டல் கையொப்பம் பெற்று டிஐஆர்-11-ஐத் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் கம்பெனியின் மூலதனத்தைப் பொறுத்தது. மூலதனம் 1 லட்சத்துக்குக் குறையாமல் 5 லட்சத்துக்குள் இருந்தால் 300 ரூபாய். 30 நாள் கெடு கடந்துவிட்டால் கூடுதல் கட்டணம் இரு மடங்கில் தொடங்கி, 180 நாட்களுக்கு மேல் 12 மடங்காகும். அப்போதும் மொத்தம் 3,900 ரூபாய்தான். விலகிய காரணத்தைச் சுருக்கமாகவும் சண்டைச் சொற்கள் இல்லாமலும் எழுதுங்கள், ஏனெனில் அந்தப் படிவத்தை நாளை எவர் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.