மறு: ஸ்டேல்மேட்டுக்கு ‘அடைசமன்’ சரிவருமா?

வணக்கம்.

சதுரங்கத்தில் ஆடவேண்டியவரின் ராஜா செக்கில், அதாவது நேரடித் தாக்குதலில், இல்லாதபோதும் அவருக்கு ஆட ஒரு நகர்வும் இல்லாமல் போய் ஆட்டம் சமனாக முடிவதுதான் ஸ்டேல்மேட். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இங்கே வந்த ‘முட்டுக்கட்டை’யும் ‘இக்கட்டுநிலை’யும் எனக்குச் சரிப்படவில்லை. தேர்ச் சில்லுக்கு முட்டுக்கட்டை போடுபவர் அதை எடுத்ததும் தேர் நகரும். இக்கட்டில் மாட்டியவரும் எப்படியாவது வெளியே வருவார். ஸ்டேல்மேட்டில் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடுகிறது.

போன சனிக்கிழமை கல்லடியில், எங்கள் கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பு ராஜா ஏ8 மூலையில். மிச்சம் எச்5-இல் ஒரே ஒரு சிப்பாய், அதையும் எச்4-இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் மறிக்கிறது. வெள்ளை ஆடிய உயர்தர மாணவன் ராணியை பி6-இல் வைத்தான். மூலை ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரம். செக் இல்லை, ஆனால் ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் பிடியில்.

“அடைச்சிட்டன் சேர், வெண்டிட்டன்” என்று கையை நீட்டினான். எதிரே இருந்த ஆசிரியர், “செக் இல்லையே தம்பி” என்றார். ஆளுக்கு அரைப்புள்ளி.

அவன் நினைத்ததில் பிழையில்லை. நாயும் புலியும் விளையாட்டில் புலியை நகரவிடாமல் அடைத்தால் வெற்றிதான். இங்கிலாந்திலோ 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ராஜாவை இப்படி அடைத்தவர் தோற்றதாகக் கொண்டார்கள். ஆக, அடைபட்டதை மட்டும் சொன்னால் போதாது, முடிவும் சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

அதனால்தான் ‘அடைசமன்’. ‘சமநிலை’யைத் தவிர்த்தேன், ஏனென்றால் ஆட்டத்தின் நடுவே இரு பக்கமும் சமபலத்தில் இருப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘சமன்’ என்பதை முடிவுக்கென்றே வைத்துக்கொண்டால் மற்றவையும் வரிசையாக அமைகின்றன. ஒரே நிலை மூன்றாம் முறை வந்து ஆடுபவர் கோரினால் மீள்சமன், இருவரும் பேசி ஒப்புக்கொண்டால் உடன்சமன். இடைவிடாத செக்குக்குத் தனிச்சொல்லே வேண்டாம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் அது தனி முடிவல்ல, பெரும்பாலும் மீள்சமனாகவோ உடன்சமனாகவோதான் முடியும்.

‘அடைதல்’ எட்டுதலையும் குறிக்குமே என்று கேட்கலாம். மார்கழியில் வாவி நிரம்பக் கொட்டும் அடைமழையை எதையோ எட்டிய மழை என்று யாரும் எடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான் நினைவுக்கு வரும். சொல் புழங்கினால் பொருள் தானே படிந்துவிடும்.

அப்புறம், 50 நகர்வு விதிக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ஒரு காயும் வெட்டுப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் ஆளுக்கு 50 நகர்வு. ‘ஐம்பதுசமன்’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.