படியளப்பவர் ஒருவரா, பலரா?

தராசு:
முதலாளித்துவம் இல்லாமல் ஜனநாயகம் நிலைக்குமா என்பதுதான் நம் கேள்வி. தனியுடைமையும் சந்தையும் இல்லாத ஒரு நாட்டில், மக்கள் வாக்களித்து ஆளுங்கட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே அமைப்பில் அடுத்த தேர்தலையும் சந்தித்த வரலாறு எங்காவது உண்டா? நான் தேடியவரை இல்லை. இது தற்செயல் அல்ல என்பது என் வாதம். நமக்குப் படியளப்பவரை எதிர்த்து நம்மால் வாய் திறக்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

1977-இல் கம்யூனிஸ்டு ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவில், குடிமக்கள் சிலர் கையெழுத்திட்ட ‘சாசனம் 77’ என்ற அறிக்கை வெளிவந்தது. மனித உரிமை பற்றி அரசே கையெழுத்திட்ட உடன்படிக்கைகளை அரசு மதிக்க வேண்டும் என்றுதான் அதில் கேட்டிருந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். இன்னும் பலருக்கு வேறு தண்டனை கிடைத்தது: வேலை போயிற்று. தத்துவம் படித்தவர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளினார்கள், சன்னல் துடைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. வேறு இடத்தில் வேலை கேட்கலாமே என்றால், எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருந்த முதலாளி ஒருவரே. அது அரசு.

முதலாளிகள் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பலராக இருக்கிறார்கள் என்கிறேன். எனக்கு அது போதும்.

நெய்தல்:
தராசு அவர்களே, சாசனம் 77 பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தையும் மறுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள்.

ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் 1849 முதல் 1918 வரை மூன்று வகுப்பு வாக்குமுறை இருந்தது. ஒரு தொகுதியில் வசூலாகும் மொத்த வரியை மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். முதல் பங்கைக் கட்டும் பெரும் பணக்காரர்கள் முதல் வகுப்பு, அடுத்த பங்கைக் கட்டுவோர் இரண்டாம் வகுப்பு, மிச்சமுள்ள அத்தனை பேரும் மூன்றாம் வகுப்பு. மூன்று வகுப்புக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள். நகராட்சித் தேர்தலும் இதே கணக்குத்தான். எஸ்ஸன் நகரில் ஒரு கட்டத்தில் எஃகு ஆலை அதிபர் க்ரூப் ஒருவரே முதல் வகுப்பு முழுவதுமாக இருந்தார். நகர மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களைத் தனி ஒரு மனிதர் தேர்ந்தெடுத்தார். அவருடைய உலையில் வெந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கடைசி வகுப்பில்.

சொத்துக்கு வாக்கு, ஆளுக்கு வாக்கு அல்ல. முதலாளித்துவம் அதன் போக்கில் விடப்பட்டபோது உருவாக்கிய ‘ஜனநாயகம்’ இதுதான். ஆளுக்கொரு வாக்கு என்பது அதனிடமிருந்து போராடிப் பறிக்கப்பட்டது.

அகல்விளக்கு:
இருவர் சொல்வதும் ஒரே புண்ணைத்தான் தொடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டனில் 1872 வரை இரகசிய வாக்கு கிடையாது. வாக்காளர் மேடையருகே போய் எல்லோர் காதிலும் விழும்படி தன் பெயரையும் தான் ஆதரிக்கும் வேட்பாளர் பெயரையும் சொல்ல வேண்டும். எழுத்தர் குறித்துக்கொள்வார். பல ஊர்களில் அந்தப் பதிவை அச்சிட்டு விற்கவும் செய்தார்கள். நிலக்கிழார் தன் குத்தகைக்காரர் யாருக்கு வாக்களித்தார் என்று வீட்டிலிருந்தபடியே படித்துத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கொடுமையை முடித்துவைத்தது சந்தை அல்ல. மறைப்புத் தட்டியும் மடித்துப் போடும் சீட்டும்தான். 1838-இல் வாக்குரிமைக்காகப் போராடிய பிரிட்டன் தொழிலாளர்களின் சாசன இயக்கத்தார் (சார்ட்டிஸ்டுகள்) முன்வைத்த ஆறு கோரிக்கைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் தட்டியால் வாக்கைத்தான் மறைக்க முடியும். கூட்டம் போடுவதையும் மனு கொடுப்பதையும் மறைத்துச் செய்ய முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் சங்கம் அமைக்கக் கையெழுத்து வாங்கினோம். உணவு இடைவேளையில் பேசியபோது ஏறக்குறைய எல்லோரும் சரி என்றார்கள். தாளை நீட்டினேன். எனக்கு மூத்தவர் ஒருவர் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மறுபடி மூடித் திருப்பித் தந்தார். “தம்பி, இரண்டாவது பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை” என்றார். அவர் கோழை அல்லர். பொதுத் தேர்தலில் அச்சமின்றி வாக்களிப்பவர். தேர்தல் இல்லாத மற்ற நாட்களில் அவர் எந்த அளவுக்குக் குடிமகன் என்பதுதான் அன்று முதல் என்னை விடாத கேள்வி.

தராசு:
அகல்விளக்கு அவர்களே, அந்தப் பேனா என்னையும் உறுத்துகிறது. ஆனால் அவருக்கு வேறு வேலை தேடும் வழியாவது இருந்தது. அது சிறிய விஷயம் அல்ல.

அமெரிக்காவில் 1947-இல் கம்யூனிஸ்டு என்று குறிவைக்கப்பட்ட திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார், சிறைக்கும் போனார். வெளியே வந்து புனைபெயர்களில் எழுதிப் பிழைத்தார். 1957-இல் கதைக்கான ஆஸ்கர் விருது ‘ராபர்ட் ரிச்’ என்பவருக்கு அறிவிக்கப்பட்டது. மேடைக்கு அப்படி ஒருவர் வரவில்லை, ஏனென்றால் எழுதியவர் ட்ரம்போ. மலிவாகக் கிடைக்கும் நல்ல எழுத்துக்கு ஆசைப்பட்ட யாரோ ஒருவர் வாங்கினார் அல்லவா? செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவில் அந்த யாரோ ஒருவர் இல்லை. எஸ்ஸனுக்கும் இதையே சொல்வேன். 1918-இல் அந்த வாக்குமுறை ஒழிந்தது. ஆலைகள் தனியார் கையில்தான் இருந்தன. இரண்டும் பிரிக்க முடியாதவை அல்ல.

நெய்தல்:
ட்ரம்போவை நீங்களே எடுத்ததற்கு நன்றி. அவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. 1947 நவம்பரில் பெரிய படநிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடி, அவரையும் மற்ற ஒன்பது பேரையும் வைத்துக்கொள்ளமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். பலராக இருந்த முதலாளிகள் இரண்டே நாளில் ஒருவராகிவிட்டார்கள். எழுத்தாளருக்குப் புனைபெயர் உண்டு. அதே பட்டியலில் இருந்த நடிகர்கள் என்ன செய்வார்கள்? முகத்தை வைத்துப் பிழைப்பவருக்குப் புனைமுகம் ஏது?

ஆட்கள் அளவில் நடப்பது நாடுகள் அளவிலும் நடக்கிறது. 2015-இல் கிரேக்கத்தில் வங்கிகள் மூடப்பட்டு, ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாத நிலையில் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனார்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். எட்டாம் நாள் அரசு கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையசைத்தது. அந்த 61 சதவீதம் எங்கே போயிற்று?

தராசு:
கிரேக்கத்தை முதலாளிகள் கணக்கில் எழுதாதீர்கள். 2015-இல் அந்தக் கடனில் பெரும்பகுதி மற்ற ஐரோப்பிய அரசுகளுக்கும் பன்னாட்டு அமைப்புகளுக்கும் தர வேண்டியது. அந்த அரசுகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மன் நாடாளுமன்றமும் வாக்களித்தது. ஒரு மக்களின் முடிவு இன்னொரு மக்களின் பணப்பையோடு மோதியது. நீங்கள் சொல்லும் நோய் அங்கே இல்லை.

ஓட்டல் அறிக்கையைப் பொறுத்தவரை உங்கள் குற்றச்சாட்டு நியாயம். முதலாளிகள் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என் வாதம் நொண்டும்.

அகல்விளக்கு:
அப்படியானால் கேள்வியைச் சற்று நகர்த்தலாமா? வெளியேறும் வழி இருக்கிறது என்கிறார் தராசு. அந்த மூத்தவருக்கு வெளியேறிய பின் ஆறு மாதம் குடும்பம் நடத்த வழி இருந்திருந்தால் கையெழுத்திட்டிருப்பார் என்று நினைக்கிறேன். வேலையின்மை உதவித்தொகையை நாம் ஏழைகளுக்கான சலுகையாகவே பார்க்கிறோம். அது பேச்சுரிமையின் ஒரு பகுதி இல்லையா?

தராசு:
அதற்கு வரி கட்ட நான் மனமார ஒப்புகிறேன். ஆனால் கொடுப்பது யார்? அரசுதானே. தன்னை எதிர்ப்பவருக்கு அதை நிறுத்தினால் மறுபடியும் கரி அள்ளத்தான் போக வேண்டும்.

நெய்தல்:
அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம் என்றால் மூன்றாவது கை ஒன்று இருக்கிறது. சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் வேலையின்மைக் காப்பு நிதிகள் பெரும்பாலும் தொழிற்சங்கங்களோடு இணைந்தவை. உறுப்பினர் சந்தா கட்டுகிறார், அரசும் பணம் சேர்க்கிறது, நிதி நிர்வாகம் சங்கத்தை ஒட்டிய அமைப்பின் கையில். படியளப்பவரைப் பலராக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களே, இவரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தராசு:
இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. சேர்த்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2007-இல் சுவீடன் அரசு நிதி விதிகளை மாற்றியபோது சந்தா ஏறியது. லட்சக்கணக்கானோர் அந்த நிதிகளிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் விலகினார்கள். யாரையும் கைது செய்யவில்லை, எந்தச் சங்கத்தையும் தடை செய்யவில்லை. கட்டணத்தை மட்டும் உயர்த்தினார்கள். அந்த மூன்றாவது கையின் மணிக்கட்டை அரசு பிடித்திருக்கிறது. அதை எப்படி விடுவிப்பீர்கள் என்று சொல்லுங்கள், நாளை தொடர்வோம்.