சட் பூஜையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் வாருங்கள்: என் குக்கர் விசில் கதை

பாட்னா ரிட்டர்ன்:

கந்த சஷ்டி விரதம் என்றதும் எனக்குத் திருச்செந்தூருக்கு முன்னால் பாட்னாதான் ஞாபகம் வரும். அங்கே நான் அடித்த கூத்தை எழுதிவிடுகிறேன். பீகார்க்காரர்கள் சூரியனைக் கும்பிட்டு இருக்கும் விரதமான சட் பூஜையோடு உங்களுக்கும் ஏதாவது கதை இருந்தால் போடுங்கள்.

(நம் பத்திரிகைகளில் 'சாத் பூஜை' என்று எழுதுகிறார்கள். சாத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷஷ்டிதான் பேச்சில் தேய்ந்து 'சட்' ஆனது. தீபாவளி அமாவாசை கழிந்த ஆறாம் நாள்.)

2019இல் என் கணவருக்கு பாட்னாவுக்கு மாற்றல் வந்தது. ராஜேந்திர நகரில் மாடி போர்ஷன், கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் கொட்டிய மழையில் ராஜேந்திர நகரில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. ஒரு மாதம் கழித்தும் கீழ்வீட்டுச் சமையலறையில் சேற்று வாடை போகவில்லை. "சட்டுக்கு இது ஆகாது" என்று சொல்லிவிட்டு, எங்கள் போர்ஷனை ஒட்டிய காலி அறையையும் வராந்தாவையும் ஆன்ட்டி கழுவித் தள்ளினார். புது மண் அடுப்பு வந்தது. எரிக்க மாமரக் கட்டை மட்டும்தான். பாட்னாவில் அந்த அடுப்புகளைச் செய்து விற்பவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கோதுமையைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்து, காக்கா அணில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளப் பேரனைக் குச்சியோடு உட்கார வைத்தார்கள். அவன் பாவம், காக்காயைவிடக் கைபேசியைத்தான் அதிகம் விரட்டிக்கொண்டிருந்தான்.

நான்கு நாள் விரதம். முதல் நாள் குளித்துவிட்டு ஒரு வேளை பச்சரிசிச் சோறு, கடலைப்பருப்பு, சுரைக்காய், அதில் இந்துப்பு. வெங்காயம், பூண்டு கிடையாது. ஆன்ட்டி 'கத்தூ' வாங்கி வரச் சொன்னார். இந்தி தெரிந்த என் கணவர் பெருமையாகப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீகாரில் கத்தூ என்றால் சுரைக்காயாம்.

இரண்டாம் நாள் பெயர் கர்னா. பகல் முழுக்கப் பட்டினி. பொழுது சாய்ந்ததும் வெல்லம் போட்ட பாயசமும் ரொட்டியும். அதற்கப்புறம் சுமார் 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. விரதம் இருப்பவர் தனியாக உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது யாராவது கூப்பிட்டாலோ, ஏதாவது சத்தம் காதில் விழுந்தாலோ அப்படியே கையை எடுத்துவிட வேண்டும். எல்லாம் முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தார்கள். டிவியை அணைத்தேன், வெளி மணியின் ஸ்விட்சையும் அணைத்தேன். கணவரின் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் பருப்பு ஏற்றியிருந்ததை மட்டும் மறந்துவிட்டேன்.

ஒரே ஒரு விசில். ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து எட்டிப்பார்த்தால், ஆன்ட்டி ரொட்டித் துண்டை வாழையிலையில் திரும்ப வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாயசம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து, "விடு பேட்டா, இன்றைக்கு எனக்கு இவ்வளவுதான்" என்றார். அந்த மிச்சப் பாயசம்தான் பிரசாதம். எனக்கும் ஒரு கரண்டி வந்தது. விழுங்கவே முடியவில்லை.

மறுநாள் நவம்பர் 2. கங்கைக்கரைக்கு நானும் போனேன். படித்துறைக்குப் போகும் சந்தெல்லாம் பையன்கள் கூட்டிக் கழுவி விட்டிருந்தார்கள். மூங்கில் கூடையை வீட்டு ஆண்கள் தலையில் வைத்து வெறுங்காலோடு நடந்தார்கள். கூடைக்குள் சுளகுகள் (முறம்தான்). சுளகில் தேங்காய், வாழைப்பழம், முள்ளங்கி, பம்பளிமாஸ், வேரோடு மஞ்சள் செடி, இஞ்சி செடி. மேலே கரும்பு. நம் தைப்பொங்கல் வாசல் ஐப்பசியிலேயே கங்கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் இறங்கிவிடுகிறது. முதல் அர்க்கியம் (நீரோ பாலோ வார்த்துக் கும்பிடுவது) அந்த மறையும் சூரியனுக்குத்தான், உதிக்கிற சூரியனுக்கு மறுநாள் காலையில். புரோகிதர் என்று யாரும் தேவையில்லை. ஆன்ட்டி இடுப்பளவு தண்ணீரில் மேற்கே பார்த்து சுளகை ஏந்தி நின்றார். மூக்கு நுனியில் தொடங்கி வகிடு வரைக்கும் ஆரஞ்சு நிறச் செந்தூரம். உதடு வெடித்திருந்தது. வீட்டில் ஒவ்வொருவராக சுளகுக்கு முன்னால் பால் வார்த்தார்கள். என் முறை வந்தபோது நான் சூரியனைப் பார்க்கவில்லை, அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையேறி வரும்போது, "நீயும் ஏன் வாடிப்போயிருக்கிறாய்?" என்று கேட்டார். நானும் பட்டினிதான், அன்றைக்குக் கந்த சஷ்டி என்றேன். யாருக்கு விரதம் என்றார். கார்த்திகேயனுக்கு என்றேன். சட்டென்று நின்றுவிட்டார். "எங்கள் சட்டி மையா யார் தெரியுமா? தேவசேனா. கார்த்திகேயன் பெண்டாட்டி."

நம் தெய்வானை! வடக்கே முருகனைப் பிரம்மச்சாரி என்று சொல்பவர்கள்தான் நிறைய. ஆனால் ஷஷ்டி தேவியும் தேவசேனையும் ஒன்று என்று புராணத்தில் இருக்கிறது. பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் அவர்களும் சட்டி மையாவைக் கும்பிடுகிறார்கள். 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று என் பாட்டி சொல்வதை எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தேன். அகப்பைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். அது வேறு கதை.

பனியன் ஊர்க்காரன்:

எங்கள் பக்கம் சட் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஆள் பற்றாக்குறைதான் மேடம். நான் திருப்பூரில் லைன் சூப்பர்வைசர். தீபாவளிக்கு எர்ணாகுளம்–பாட்னா ரயில் ஏறும் டெய்லர் சட் முடியாமல் திரும்பமாட்டான். அட்வான்ஸ், போனஸ், கெஞ்சல், மிரட்டல் ஒன்றும் நடக்காது. முன்பெல்லாம் எரிச்சலாக வரும்.

ஒரு வருஷம் ஒரு பையனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஊரில் அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாததால் விரதத்தை இவன் ஏற்றுக்கொண்டானாம். ஆம்பளையும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நொய்யலைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சாயத் தண்ணீர் ஓடிய ஆறு, என்ன சொல்ல. கடைசியில் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் பிடித்து அதில் இறங்கி நின்றான். முழங்கால் அளவுதான்.

முறம் வாங்க நான்தான் சந்தைக்குப் போனேன். முதலில் வாங்கிப்போனதில் ஓரத்தில் பிளாஸ்டிக் ஒயர் கட்டியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வேண்டாம்" என்றான். திரும்பப் போய் முழுக்க மூங்கிலில் செய்தது வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிட்டான். வரும்போது வெல்லப் பிஸ்கட் மாதிரி ஒன்றை லைனில் எல்லோருக்கும் கொடுத்தான். கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டுமாம், கையை நீட்டச் சொன்னான். எங்கள் முதலாளியும் நீட்டினார். சும்மா சொல்லவில்லை, பார்த்தேன்.

துவாரகா வாசி:

டெல்லியில் யமுனையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளை வெளேரென்று நுரை, அதற்கு நடுவில் பட்டுப்புடவையோடு பெண்கள். வருஷா வருஷம் டிவியில் அந்தப் படம்தான். 2020இல் கொரோனாவால் பொதுப் படித்துறைகளில் கூட விடவில்லை. எங்கள் அடுக்கத்தில் மொட்டைமாடியிலேயே முடித்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் பாட்டு. 2024இல் பாடகி ஷாரதா சின்ஹா இறந்தது நவம்பர் 5, விரதத்தின் முதல் நாள். எந்த வீட்டில் சட் நடந்தாலும் ஒலிக்கிற குரல் அது. அன்று இரவு எங்கள் கீழ்த்தளத்துக் காவலாளி கைபேசியில் பாட்டை வைத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

திருவல்லிக்கேணி:

மெரினாவிலும் நடக்கும், நிறையப் பேருக்குத் தெரியாது. மாலை நடைக்குப் போனவன் கும்பலைப் பார்த்து நின்றேன். கரும்பைக் கூடாரம் மாதிரி மணலில் நட்டு, அடியில் அகல் ஏற்றியிருந்தார்கள்.

ஒரு சிக்கல். நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் மறைவது ஊருக்குள். ஆக எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கடற்கரைச் சாலைக் கட்டிடங்களைப் பார்த்து நிற்கிறார்கள். பின்னாலிருந்து அலை வந்து தள்ளுகிறது. போதாததற்கு ஐப்பசி மழைமேகம், சூரியனே தெரியவில்லை. ஒரு பெரியவர் கைபேசியில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை உயர்த்தியதும் அத்தனை சுளகும் மேலே போயின. ஒரு போலீஸ்காரர் 'உள்ளே போகாதீங்க' என்று விசில் ஊதிக்கொண்டே இருந்தார். (பாட்னா மேடம், கர்னா அன்றைக்கு இவரைக் கூப்பிடாதீர்கள்.)

மறுநாள் விடியற்காலை நானும் போனேன். அப்போது கடல் சரியான பக்கத்தில் இருந்தது. மேகம் கொஞ்சம் விலகியது. எங்கள் தாத்தா சந்தியாவந்தனத்தில் சாயங்காலமும் அர்க்கியம் விடுவார். நாங்கள் அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

உடன்குடி:

சட்டும் சூரசம்ஹாரமும் எப்போதும் ஒரே நாளா? அப்படியென்றால் இங்கே கடற்கரையில் சூரன் விழும் நேரத்தில் அங்கே அர்க்கியமா? அப்புறம் அந்த வெல்லப் பிஸ்கட் செய்முறையையும் சொல்லுங்கள் அக்கா.

பாட்னா ரிட்டர்ன்:

திருவல்லிக்கேணி, குட்டு எனக்குத்தான், வாங்கிக்கொண்டேன்.

உடன்குடி, பெரும்பாலும் ஒரே நாள். 2019, 2024, 2025 மூன்றிலும் அப்படித்தான். திதி கணக்கால் சில வருஷம் ஒரு நாள் முன்பின் போகும், 2021இல் போனது. வடக்கத்திச் சைத்ர மாதத்திலும் (நமக்குப் பெரும்பாலும் பங்குனி) ஒரு சட் உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னும் கடினம், கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள்.

அந்தப் பிஸ்கட்டின் பெயர் டேகுவா. இரண்டு டம்ளர் கோதுமை மாவுக்கு முக்கால் டம்ளர் வெல்லம். வெல்லத்தைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், பாகு வேண்டாம். மாவில் மூன்று கரண்டி நெய்யைச் சூடாக ஊற்றிப் பிசிறினால், கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கவேண்டும். ஏலக்காய், சோம்பு, தேங்காய்க் கீற்று போடலாம். பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அவர்கள் மர அச்சில் அழுத்துவார்கள். நான் முறுக்கு அச்சுத் தட்டின் பின்பக்கத்தில் அழுத்துகிறேன், புள்ளி புள்ளியாக வரும். தீயைக் குறைத்து நெய்யில் பொரியுங்கள். எண்ணெய் என்றாலும் சரி, ஆனால் ஆன்ட்டியிடம் சொல்லாதீர்கள். முதல் தடவை எனக்கு வாணலியிலேயே உதிர்ந்து பொடியாகிவிட்டது, நெய் கூடிப்போனதால். அந்தப் பொடியைப் பாலில் போட்டுச் சாப்பிட்டோம். மோசமில்லை.