பயனியர் லேசர்ஆக்டிவ்: மெகா எல்டி வட்டுகளை முழுமையாக ஆவணப்படுத்துவது எப்படி?

வட்டுவாசகன்:

வணக்கம். ஆவணப்படுத்த வேண்டியவை: லேசர்ஆக்டிவ் சிஎல்டி-ஏ100 கருவி (விளையாட்டும் ஓடும் லேசர் வட்டு பிளேயர்), அதில் செருகும் சேகா பேக் (சேகா விளையாட்டுகளுக்கான இணைப்புப் பெட்டி), அதில் ஓடும் விளையாட்டு லேசர் வட்டுகளான மெகா எல்டி மூன்று (பிரமிட் பட்ரோல், ஹை-ரோலர் பேட்டில், 3டி மியூசியம்). எல்லாமே ஜப்பானியப் பதிப்பு.

இப்போதைய திட்டம் இது. கருவியின் காம்போசிட் அவுட்டைக் கேப்சர் கார்டில் கொடுத்து எம்பி4 ஆகப் படத்தை எடுப்பது. வட்டில் உள்ள டிஜிட்டல் தரவைத் தனியாக எடுத்துப் பின்னால் சேர்ப்பது. உறைகளை மொபைலில் படம் பிடிப்பது. இது போதுமா? வட்டு ஒன்றுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம்? பல ஆண்டுகளாக மின்சாரம் காணாத கருவி, நேராக பிளக்கில் செருகலாமா?

ஈயப்பற்று:

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனடியாக: செருகாதீர்கள். ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை போய்விடும். 110 வோல்ட் தரும் கன்வெர்ட்டரும் வேண்டாம், வெளியே 100 வோல்ட் என்று எழுதியிருக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மராகவே வாங்குங்கள். கருவியின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும், 30 செ.மீ. வட்டைச் சுழற்றிவிடும் நேரத்தில் மோட்டார் அதிகமாக இழுக்கும்.

அதற்கும் முன்னால் பேக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் சர்ஃபேஸ்-மவுன்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிவது இந்தக் கருவியின் தெரிந்த நோய். மீன் வாடை, மங்கிப்போன ஈயம், பக்கத்துச் செம்புத் தடத்தில் பச்சை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். குறட்டால் முறுக்கிப் பிடுங்குவதைப் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். இங்கே அது ஆகாது. கசிவு அரித்த பேட் (கால் பற்றவைத்திருக்கும் செம்புத் திட்டு) கெப்பாசிட்டரோடு சேர்ந்தே பெயர்ந்துவிடும். இரண்டு காலிலும் புது ஈயம் வைத்து, மாற்றி மாற்றிச் சூடாக்கி, தானாக நகரும்போது எடுங்கள். கசிவு காரத்தன்மை உடையது. வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலரவிட்டுத்தான் புதியது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி வகை.

ஒளிக்கதிர்:

ஈயப்பற்று சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் வட்டுகளை எடுப்பதற்கு அந்தக் கருவி ஓட வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

படத்தைத் தனியாக, தரவைத் தனியாக எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மெகா எல்டியில் இரண்டும் ஒரே தடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) லேசர் வட்டில் படம் 7.6 முதல் 9.3 மெகாஹெர்ட்ஸ் வரை ஊசலாடும் எஃப்எம் சிக்னல். அனலாக் ஒலி 2.3, 2.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும். அதற்கும் கீழே, 1.75க்கு உட்பட்ட பகுதியில், சிடியில் இருப்பது போன்ற இஎஃப்எம் குறியீடு. சினிமா வட்டில் அங்கே டிஜிட்டல் ஒலி இருக்கும், மெகா எல்டியில் விளையாட்டின் நிரலே அங்கேதான். நொடிக்கு 75 செக்டார் (தரவுத் துண்டு), செக்டாருக்கு 2,048 பைட் என்பதால் 60 நிமிடப் பக்கத்தில் சுமார் 550 எம்பி. படம் நொடிக்கு 29.97 பிரேம், ஆக ஒரு பிரேமுக்கு இரண்டரை செக்டார். விளையாட்டு லேசரை ஓரிடத்துக்கு அனுப்பும்போது என்ன படம் வரும், அதோடு என்ன ஒலியும் தரவும் வரும் என்பது இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. கேப்சர் கார்டு ஒரே ஒரு பிரேமை விட்டாலும் பொருத்தம் நழுவும். எங்கே நழுவியது என்று பிறகு தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

எம்பி4 வேண்டாம் என்பதற்கு உங்கள் மூன்று வட்டுகளில் ஒன்றே சாட்சி. 3டி மியூசியத்தில் ஒரு ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட அரை பிரேம்) இடது கண்ணுக்கு, அடுத்த ஃபீல்டு வலது கண்ணுக்கு. கண்ணாடியின் ஷட்டர் ஃபீல்டுக்கு ஃபீல்டு மாறும். இரு ஃபீல்டுகளையும் ஒரே பிரேமாகக் கலந்து டிஇன்டர்லேஸ் செய்த நொடியில் இரண்டு கண்ணின் படமும் குழைந்து, பிரிக்க முடியாததாகிவிடும். மற்ற விளையாட்டுகளும் நினைத்த பிரேமுக்குத் தாவும், அங்கேயே நிற்கும். முன்பின் பிரேம்களைச் சார்ந்து சுருக்கும் கோடெக் அதற்குப் பொருந்தாது.

எடுக்க வேண்டியது லேசர் படிக்கும் மூல ஆர்எஃப் சிக்னல், அதாவது படம், ஒலி, தரவு எனப் பிரிக்கப்படாத முழு அலை. அதற்கான கருவி டோம்ஸ்டே டூப்ளிகேட்டர், வடிவமைப்பு திறந்த மூலம். டிஇ0-நானோ எஃப்பிஜிஏ பலகை, சைப்ரஸ் எஃப்எக்ஸ்3 யுஎஸ்பி 3 பலகை, இவற்றோடு சேரும் ஏடிசி பலகை (அனலாக் அலையை எண்களாக்குவது). நொடிக்கு 4 கோடி மாதிரி, ஒவ்வொன்றும் 10 பிட். பதிந்ததைப் பிரிக்க எல்டி-டிகோட் மென்பொருள். படம், இஎஃப்எம் இரண்டும் ஒரே பதிவிலிருந்து வருவதால் பொருத்தம் தப்பாது. பழைய விளையாட்டுக் கருவிகளைக் கணினியில் போலச்செய்யும் ஏரெஸ் எமுலேட்டர் 2025இல் 146ஆம் பதிப்பில் மெகா எல்டியை இயக்கத் தொடங்கியதற்கும் ஆர்எஃப் பதிவுகளே அடிப்படை.

இங்கே விளையாட்டு ஓடுவதில்லை, வட்டு சுழன்றால் போதும். ஆகவே பயனியர் எல்டி-வி4300டி போன்ற தொழில்முறை பிளேயர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். பிளேயரின் போர்டில் ஆர்எஃப் என்று குறித்த டெஸ்ட் பாயின்ட்டில் மெல்லிய கோஆக்ஸ் வயரைப் பற்றவைத்து, பின்பலகையில் பிஎன்சி கனெக்டராக வெளியே எடுங்கள். உள்ளே ஓடும் வயர் குட்டையாக இருக்கட்டும், நீளம் கூடினால் 9 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிக்னல் தளர்ந்து, வெள்ளைப் பகுதிகளில் கருங்கீற்று விழும். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வைக்கும்போது 10 பிட்டின் 0, 1023 என்ற இரு முனைகளையும் அலை தொடக்கூடாது. தொட்டால் வெட்டுப்பட்டது திரும்பி வராது. சற்றுத் தாழ்வாக இருப்பது மேல்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று: பதிவை முதலில் தொடங்கி, அதன்பிறகே பிளேயரில் பிளே அழுத்துங்கள். தரவுத் தடங்களின் அட்டவணை லீட்-இன் பகுதியில், அதாவது படத்துக்கு முன் வரும் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. படம் திரையில் வந்தபின் தொடங்கினால் அது போய்விடும், தரவு முழுக்க இருந்தும் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முடிவிலும் லீட்-அவுட் (இறுதிப் பகுதி) வரும்வரை விடுங்கள்.

சரிபார்ப்பில் இரண்டு பாதிக்கும் இரண்டு அளவுகோல். தரவுச் செக்டார் ஒவ்வொன்றிலும் 4 பைட் பிழைச் சோதனையும் 276 பைட் பிழைத்திருத்தமும் இருப்பதால், ஒரே வட்டை வைத்துக்கொண்டே தரவு சரியா என்று உறுதியாகச் சொல்லலாம். படத்துக்கு அந்த வசதி கிடையாது. அது அனலாக், ஒவ்வொரு கீறலும் படத்தில் விழும். அதற்கு மருந்து, ஒரே விளையாட்டின் குறைந்தது மூன்று பிரதிகளைப் பதிந்து எல்டி-டிகோடின் எல்டி-டிஸ்க்-ஸ்டேக்கரில் அடுக்குவது. இரண்டு பிரதி என்றால் வேறுபாடு இருப்பது மட்டும் தெரியும், எது சரி என்பதற்கு மூன்றாவது வேண்டும். உங்களிடம் ஒன்றுதான் இருந்தாலும் எடுத்துவையுங்கள். அலுமினியப் படலம் ஆக்சிஜனேற்றத்தால் புள்ளி புள்ளியாக அழிவது நிற்கப் போவதில்லை.

இடக்கணக்கு: நொடிக்கு 50 எம்பி. 60 நிமிடப் பக்கம் 180 ஜிபி, இரண்டு பக்கமும் நிறைந்திருந்தால் 360 ஜிபி. பிறகு எல்டி-கம்ப்ரெஸ் இதை இழப்பில்லாமல் கணிசமாகச் சுருக்கும். மூலப் பதிவைப் பிரித்து முடித்ததும் அழிக்காதீர்கள். டிகோடர் ஆண்டுதோறும் மேம்படுகிறது, அதே பதிவு நாளை இன்னும் நல்ல படம் தரும்.

அட்டைப்பெட்டி:

உறைக்கு மொபைல் வேண்டாம். லேசர் வட்டு உறை 31 செ.மீ.க்கு மேல், ஏ3 ஸ்கேனரின் குறுகிய பக்கம் 29.7. ஆகவே ஏ3யிலும் இரண்டு முறை வைத்து, ஐந்து செ.மீ. மேற்படியவிட்டு ஒட்ட வேண்டும். 600 டிபிஐ, டிஃப் (TIFF) கோப்பு. ஸ்கேனரின் டிஸ்கிரீன் வசதியை அணைத்துவையுங்கள், அச்சுப் புள்ளிகள் மழுங்காமல் மூலத்தில் இருக்கட்டும். ஓபி தாள் (உறையைச் சுற்றி வரும் காகிதப் பட்டை), கையேடு, பதிவு அட்டை எல்லாமே தனித்தனிக் கோப்பாக.

உறையில் உள்ள பட்டியல் எண்களில் கவனம் தேவை. பிஇஏஎஸ்ஜே என்று தொடங்கினால் ஜப்பானிய மெகா எல்டி, பிஇஏஎஸ்யு அமெரிக்கப் பதிப்பு. பிஇஏஎன் என்று இருந்தால் அது என்இசி பேக்குக்கான எல்டி-ரோம், வேறு வகை. சில தலைப்புகள் இரண்டு வகையிலும் வந்தன என்பதால் தலைப்பை மட்டும் எழுதினால் குழப்பம்தான். உறையில் உள்ளதோடு நிற்காமல், வட்டின் நடுத்துளை அருகே கண்ணாடிபோல் இருக்கும் வளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணையும் பக்கம் பக்கமாகக் குறியுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். ஒளிக்கதிர் சொன்ன அடுக்கும் வேலைக்கு, பிரதிகள் ஒரே மாஸ்டரிலிருந்து வந்தவையா என்று பார்க்க இது உதவும்.

வட்டு அக்ரிலிக். ஆல்கஹால் தவிருங்கள், விளிம்பில் மயிரிழை வெடிப்பு வரலாம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைப்பு.

வட்டுவாசகன்:

மிக்க நன்றி. டூப்ளிகேட்டரில் முதல் சோதனை. ஒவ்வொரு முறையும் சரியாக 86 நொடியில் பதிவு நின்றுவிடுகிறது. கேபிள் பழுதா?

ஒளிக்கதிர்:

கேபிள் பழுது இப்படி மணி அடித்தாற்போல் வராது. 86 நொடி × 50 எம்பி = 4.3 ஜிபி. கணினியில் பதிவு சேரும் டிரைவ் ஃபேட்32இல் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அதில் ஒரு கோப்பு அதற்குமேல் வளராது. எக்ஸ்டி4 அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள், எஸ்எஸ்டியாகவும் இருக்கட்டும். பிறகு டூப்ளிகேட்டரின் சோதனை முறையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பலகை தானே ஏறுவரிசை எண்களை அனுப்பும், எங்காவது வரிசை முறிந்தால் யுஎஸ்பியில் தரவு தவறுகிறது என்று பொருள். அது முறியாமல் ஓடிய பிறகே வட்டை வையுங்கள்.