ஆண்களின் இடுப்புக்கு ஸ்கேர்ட்டைத் திருத்துவது: எதைப் பிரிப்பது, எங்கே வெட்டுவது?

தெமட்டகொடை வாசி

வணக்கம். பெண்கள் அளவில் வாங்கிய நேர்வெட்டு ஸ்கேர்ட் ஒன்றை எனக்கு அளவாக்க வேண்டும். பருத்தி டிரில் துணி, லைனிங் இல்லை, இடது பக்கத்தில் 7 அங்குல மறைசிப், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் நீளம்.

ஸ்கேர்ட்டின் அளவுகள்: இடுப்புப் பட்டி 33 அங்குலம். அதிலிருந்து 8 அங்குலம் கீழே, பிட்டத்தின் அகன்ற இடத்தில், சுற்றளவு 43. முன்னால் இரண்டு டார்ட் (துணியை ஆப்பு மாதிரி மடித்துத் தைத்த பிடிப்பு). ஒவ்வொன்றும் 4 அங்குல நீளம், மேல் ஓரத்தில் ⅝ அங்குலத் துணியைப் பிடித்திருக்கிறது. பின்னாலும் இரண்டு, 5½ நீளம், 1¼ அங்குலத் துணி.

என் அளவுகள்: ரவுசர் கட்டும் இடத்தில் நின்றபடி 36, கதிரையில் இருந்தபடி 37½. பிட்டச் சுற்றளவு 40.

பட்டி பூட்ட எட்டாது. ஆனால் அதற்குக் கீழே இரண்டு பக்கமும் துணி காது மாதிரிப் பிதுங்கி நிற்கிறது. தையல் கடையில் பக்கத் தையலைப் பிரித்து விடலாம் என்கிறார்கள். உள்ளே அரை அங்குலத்துக்கு மேல் துணி இல்லை. இலாஸ்டிக் போடுவதா, வேறு வழி இருக்கிறதா?

---

வெட்டும் தையும்

பக்கத் தையலைத் தொட விடாதேயுங்கோ. அரை அங்குலத்தில் ⅜ஐ வெளியே விட்டால் ஓவர்லொக் ஓரத்தில்தான் தையல் நிற்கும். டிரில் துணி அந்த இடத்தில் நூல் நூலாக இழுபடும். அதோடு, பிதுங்கலுக்குக் காரணமே அந்தப் பக்க வளைவுதான். அதை வெளியே விட்டால் பட்டி தளரும், காது அப்படியே இருக்கும்.

கணக்கைப் பாருங்கோ. அந்த ஸ்கேர்ட்டில் இடுப்புக்கும் பிட்டத்துக்கும் வித்தியாசம் 10 அங்குலம். உங்களுக்கு 4. அந்தப் பத்தில் 3¾ஐ டார்ட்டுகள் பிடித்திருக்கு, மிச்சம் 6¼ பக்க வளைவில் போயிருக்கு. ஆணின் உடலில் அவ்வளவு வளைவு இல்லாததால் துணிக்குள் நிரம்ப உடம்பில்லாமல் அது வெளியே தள்ளுது. அதனால் மூன்று வேலை: டார்ட்டைப் பிரிக்கிறது, மேல் ஓரத்தை இறக்கி வெட்டுறது, பிட்டத்தில் கொஞ்சம் பிடிக்கிறது.

முதலில் பட்டியைக் கழற்றுங்கோ. முன் டார்ட் இரண்டையும் முழுதாகப் பிரித்தால் 1¼ கிடைக்கும். பின் டார்ட்டைப் பிரித்து, பாதி அளவில், அதாவது ⅝இல், அதே நீளத்துக்குத் திரும்பத் தைத்தால் இன்னொரு 1¼. இப்போது 35½. பிறகு மேல் ஓரத்திலிருந்து 1½ அங்குலம் கீழே சோக்கால் கோடு போட்டு வெட்டுங்கோ. வளைவு மேலேதான் கடுமை என்பதால் 1½ இறங்கினதும் பக்கங்களில் 1¼ அளவு கூடும், பின் டார்ட் ஒடுங்குவதில் இன்னும் கொஞ்சம். ஏறத்தாழ 37இல் வந்து நிற்கும். பக்கத் தையலில் ஒரு நூல் பிரிக்கவில்லை. வெட்டின பிறகு பின் டார்ட் அரை அங்குலத்துக்கும் குறைய அகலம், 4 அங்குல நீளம். ஆணின் முதுகுக்கு அது போதும்.

வெட்ட முதல் சிப்பின் தலையைக் கோட்டுக்குக் கீழே இறக்கி விடுங்கோ. மேலே இருக்கும்போது வெட்டினால் தலை கழன்று கையில் வரும், பிறகு முழுச் சிப்பையும் மாற்றவேணும். வெட்டினதும் ஒவ்வொரு பக்கப் பல்லுக்கும் மேலே தனித்தனியே கையால் நாலைந்து தையல் குறுக்கே போட்டு அடைக்கவேணும். 7 அங்குல வாய் 5½ ஆகும். 37 பட்டி 40 பிட்டத்தைத் தாண்ட அது தாராளம்.

வெட்டின ஓரம் சாய்ந்த நூலில் இருக்கிறதால் கையில் பிடிக்கப் பிடிக்க நீளும். வெட்டின உடனே ஓரத்திலிருந்து ⅜ உள்ளே மெசினில் ஒரு ஒற்றைத் தையல் ஓட்டுங்கோ. இதை விட்டால் 37 என்று வெட்டினது பட்டி பூட்டும்போது 38½ ஆக வந்து நிற்கும். பலர் பட்டி வெட்டினதில் பிழை தேடுவார்கள். பிழை இங்கேதான்.

பிட்டத்தில் 43 கூட. 40க்கு 2 அங்குலம் இளக்கம் விட்டால் 42. மிச்ச ஒரு அங்குலத்தை இரண்டு பக்கத் தையலுக்கும் பங்கிட்டு, ஒவ்வொரு ஓரத்திலும் ¼ வீதம் பிடியுங்கோ. பழைய 8 அங்குலக் கோடு இப்போது 6½இல் இருக்கு. அந்த இடத்தில் ¼, மேலே பட்டி ஓரத்திலும் கீழே விளிம்பிலும் பூச்சியமாக வரட்டும். காது அதோடு படியும்.

---

ஊசிமுனை

பட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய 33 அங்குலப் பட்டி எதற்கும் உதவாது. புதிதாக வெட்ட வேண்டும். 37உடன் மேல் மடிய 1¼, இரு முனைத் தையலுக்கு 1, ஆக 39¼ நீளம். தைத்த பின் 1½ அகலம் வேண்டுமென்றால் வெளிப்பட்டியை 2½ அங்குலம் வெட்ட வேண்டும். நெடுக்கு நூலில் வெட்டினால்தான் இழுபடாது. நெடுக்காக ஒரே துண்டு என்றால் 1 மீற்றர் துணி கணக்குக்குச் சரிபோலத் தெரியும், ஆனால் பருத்தியைத் தோய்த்ததும் சுருங்கிப் பத்தாமல் போகும். நடு முதுகில் ஒட்டு வைத்து இரண்டு துண்டாக வெட்டினால் 1 மீற்றரே போதும். அந்த ஒட்டின் உள்ளே ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அந்தத் துணிக்கும் 1 மீற்றர் தாங்கும். ஆண்கள் ரவுசரின் பின் பட்டியில் ஒட்டு இருப்பது இதற்காகத்தான்: உடம்பு வைத்தால் பிரித்து விடலாம்.

பட்டியின் உட்புறம்தான் வசதியின் பாதி. கொழும்பு ஈரப்பதத்தில் நைலோன், பொலியெஸ்டர் துணி தோலில் பட்டபடி ஒரு நாள் இருந்தால் வேர்க்குரு வரும். உட்பக்கத்துக்கு அதே அளவில் பருத்திப் பொப்ளின் போடுங்கள். ஒட்டுக் கன்வஸை வெளிப்பட்டியில் மட்டும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் குனியும்போது பட்டியின் விளிம்பு வயிற்றில் வெட்டும்.

இலாஸ்டிக் கேட்டீர்கள். முழுச் சுற்றும் போடாதீர்கள். முன்பக்கம் சுருங்கிப் பாவாடை மாதிரி ஆகிவிடும், ஆணுக்கு முன் இடுப்பு தட்டையாக இருந்தால்தான் அழகு. பின் பாதியில் மட்டும் போடுவதென்றால் மேலே சொன்ன கணக்கு கொஞ்சம் மாறும்: பின் டார்ட்டையும் முழுதாகப் பிரித்துவிடுங்கள், சுற்று 38க்குப் பக்கத்தில் வரும். பட்டியையும் அதற்கேற்ப ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். பின் பாதி 19. அதற்குள் 1¼ அகல நெய்த இலாஸ்டிக், முனைத் தையலுடன் 17 வெட்டினால் வேலை செய்யும் நீளம் 16. தளர்ந்தபடி 35, முழுதாக இழுபட்டால் 38. நின்றால் 36, இருந்தால் 37½ என்ற உங்கள் உடம்பு இந்த இரண்டுக்கும் நடுவே வசதியாக அடங்கும்.

பின்னல் இலாஸ்டிக் வேண்டாம். இழுத்தால் அகலம் ஒடுங்கி உள்ளே சுருளும். புறக்கோட்டையில் கேட்கும்போது இழுத்துப் பார்த்து, அகலம் மாறாததை வாங்குங்கள். போட்ட பிறகு நடு முதுகிலும் இரு பக்கத் தையலிலும் பட்டியை மேலிருந்து கீழாக ஊடுருவ ஒரு தையல் போட்டால் அது புரளாது.

---

தெமட்டகொடை வாசி

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஒன்று விட்டுப்போனது. எனக்குக் கொஞ்சம் வயிறு இருக்கிறது. பட்டி வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கும். அப்போது முன் விளிம்பு பின்னதைவிட ஒரு அங்குலம் தாழ்கிறது. கீழ் மடிப்பைச் சரிசெய்தால் போதுமா?

---

வெட்டும் தையும்

போதாது தம்பி. கீழே வெட்டினால் விளிம்பு நேராகத் தெரியும், ஆனால் வயிற்றுக்குக் கீழே துணி தொய்ந்து குறுக்கு மடிப்பு விழும். பிழை மேலே இருக்கு, மேலேதான் திருத்தவேணும்.

பட்டி பூட்ட முதல், ஸ்கேர்ட்டைப் போட்டு அதன் மேல் ஒரு ஒடுங்கின இலாஸ்டிக்கை இடுப்பில் கட்டுங்கோ. அங்குமிங்கும் நடந்து, ஐந்து நிமிசம் கதிரையில் இருந்து எழும்புங்கோ. இலாஸ்டிக் தானாக எங்கே போய் நிற்குதோ அதுதான் உங்கள் இடுப்புக் கோடு. விளிம்பு நிலத்துக்கு ஒரே மட்டமாகவும் பக்கத் தையல் நிலத்துக்கு நேராகவும் வரும்வரை துணியை இலாஸ்டிக்குக்குக் கீழால் மேலே இழுத்துவிட்டு, இலாஸ்டிக்கின் அடியோரமாகச் சோக் பிடியுங்கோ. நடு முன்னில் ¾ முதல் 1 அங்குலம் கூட இறங்கி, பக்கத் தையலுக்கு வரும்போது பூச்சியமாகும். நான் சொன்ன 1½ இறக்கத்தை வெட்ட முதலே இதைச் செய்யுங்கோ, இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டலாம். கோட்டுக்கு மேலே தையலுக்கு ½ விட மறக்காதேயுங்கோ. அந்த அரை அங்குலம் பட்டிக்குள்ளே போகும்.

வயிறு உள்ளவருக்குப் பின் டார்ட் தேவைப்படுவது குறைவு, அதனால் ஊசிமுனை சொன்ன பின் இலாஸ்டிக் உங்களுக்குத்தான் பொருந்தும். நான் சொன்ன ⅝ டார்ட்டை விட்டுவிடுங்கோ.

---

கில்ட் விசிறி

இலாஸ்டிக் பிடிக்காதவர்களுக்காக ஒரு மாற்று. ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கும் மடிப்புக் கில்ட்டில் இலாஸ்டிக் கிடையாது, தோல் வாரும் பக்கிளும்தான். ஆனால் அது நிற்கிற இடம் தொப்புளுக்குப் பக்கம், இடுப்பெலும்பு அல்ல. உள்ளே ஒரு கன்வஸ் துண்டு வாரின் இழுவையைத் தாங்குவதால் மடிப்புகள் குலையாது. அந்த யோசனையை இங்கே எடுக்கலாம். ரவுசர் கொளுக்கி ஒன்று, அதற்கு எதிரே ஒரு அங்குல இடைவெளியில் கொளுக்கி மாட்டும் இரண்டு உலோகப் பட்டைகள் தைத்துவிட்டால் நிற்க ஒன்று, இருக்க ஒன்று. பட்டைகள் கன்வஸ் ஒட்டிய வெளிப்பட்டியைப் பிடித்தபடி இருக்க வேண்டும். உட்பக்கப் பொப்ளினில் மட்டும் தைத்தால் கொஞ்ச நாளில் துணி கிழியும்.

பொக்கற் வைப்பதாக இருந்தால் பையின் மேல் ஓரத்தைப் பட்டித் தையலுக்குள் செருகுங்கள். பக்கத் தையலில் மட்டும் தொங்கவிட்டால் கைபேசியின் பாரம் ஒரு பக்க விளிம்பை இழுத்து இறக்கும். அவ்வளவு கவனமாக எடுத்த மட்டம் வீண்.

---

ஊசிமுனை

பிரித்த முன் டார்ட்டின் கோடுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பருத்தி டிரில் என்பதால் ஈரத் துணி விரித்து உட்பக்கத்திலிருந்து அயன் பண்ணினால் ஊசித் துளைகள் பெரும்பாலும் அடங்கும். ஆனால் டார்ட் நுனியில் தொழிற்சாலையில் குத்திய அடையாளத் துளை இருந்தால், அல்லது துணி வெளிறி உள்ளே நிறம் கடும்நிறமாக இருந்தால், அது போகாது. பட்டி கழற்ற முன்னமே உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். துளை இருந்தால் அதே கோட்டின் மேல் ஒரு அலங்காரத் தையல் ஓட்டுங்கள், முன்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவில். அல்லது அந்த இடத்தில் சாய்வுப் பொக்கற் வாய் வைத்து மறைக்கலாம்.