கூரை விளிம்பில் ஐஸ் அணை, படுக்கையறைச் சீலிங்கில் நீர்க்கறை: காப்புறுதி நிறுவனத்துக்கு எப்போது, எப்படி அறிவிப்பது?

கேள்வி (ஸ்காபரோ)

1970களில் கட்டப்பட்ட பங்களா வீடொன்றில் குடியிருக்கிறோம். சென்ற வாரம் கொட்டிய பனி கூரையில் இன்னும் ஒன்றரை அடி உயரத்துக்கு நிற்கிறது. பகலில்கூட வெப்பநிலை மைனஸ் 10இற்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் வடக்குப் பக்க இறவாரத்தில் வயல் வரம்புபோல ஐஸ் கட்டி, பீலி முழுவதும் உறைந்துவிட்டது. நேற்றிரவு படுக்கையறைச் சீலிங்கில், வெளிச்சுவரோடு சேரும் மூலையில், தேநீர் சிந்தியதுபோல ஒரு கறையைக் கண்டோம். விடிந்தபோது அந்த இடத்துப் பெயின்ற் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளித்துத் தொங்கியது. கூரையை மூடும் ஷிங்கிள் துண்டுகளை மாற்றி 6 வருடங்கள்தான் ஆகின்றன. மாற்றியவரோ தன் வேலையில் பிழையில்லை என்கிறார். இந்தக் குளிரில் கூரையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காப்புறுதிக்கு உடனே அறிவிக்க வேண்டுமா, அல்லது, மனைவி சொல்வதுபோல, பிரீமியம் கூடிவிடும் என்பதால் நாமே பூசி மெழுகிவிடுவது நல்லதா?

மறுமொழி (மார்க்கம், இன்சுலேஷன் என்ற வெப்பக்காப்பு வேலை செய்பவர்)

முதலில் அந்தக் கொப்புளத்தைக் கவனியுங்கள். அறைக்கான மின்சாரத்தை பிரேக்கரில் நிறுத்திவிட்டு, கீழே வாளி வைத்து, திருப்புளி முனையால் அதன் நடுவில் ஒரு சிறு துளை இடுங்கள். தேங்கிய நீர் அந்த வழியாக இறங்கிவிட்டால், பாரம் தாங்காமல் சீலிங் பலகை மொத்தமாக விழுவதைத் தவிர்க்கலாம். துளையிடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் கூரைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தண்ணீரை உண்டாக்குவது வெயில் அல்ல, உங்கள் வீட்டு ஹீற்றர். கீழிருந்து கசியும் சூடான காற்று அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியில்) ஏறிக் கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. மேலே கிடக்கும் ஒன்றரை அடிப் பனியோ கம்பளிபோல அந்தச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே வெளியே மைனஸ் 10ஆக இருந்தாலும் பனியின் அடிப்பகுதி உருகி, நீராக ஷிங்கிளின் மேல் வழிந்து, அடியில் அட்டிக் இல்லாத குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் உறைகிறது. இப்படி உயர்ந்த வரம்புக்குப் பின்னால் தேங்கும் நீர், கீழ்நோக்கி வழியும் மழைக்காக அடுக்கப்பட்ட ஷிங்கிள்களின் அடியில் மேல்நோக்கிப் புகுந்துவிடுகிறது. விளிம்பிலிருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் மேலேறி, வெளிச்சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீற்றர் வரை ஷிங்கிளுக்கு அடியில் பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும் என்று கட்டட விதி சொல்வது இதற்காகத்தான். அதையும் தாண்டி நீர் தேங்கினால் படலம் உதவாது.

தெருவில் நின்று பக்கத்து வீட்டுக் கூரைகளோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுடையது முழு வெள்ளையாக இருக்க, உங்களுடையதில் எங்கே பனி மெலிந்து ஷிங்கிள் தெரிகிறதோ, அதற்கு நேர் கீழேதான் சூடான காற்று கசியும் ஓட்டை. அட்டிக் கதவு, பொட்லைட்கள் (சீலிங்குக்குள் பதித்த விளக்குகள்), குளியலறை விசிறியின் குழாய் ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் பழைய வீடு என்பதால் ஓர் எச்சரிக்கை: இன்சுலேஷன் மினுங்கும் சிறு கற்கள்போல இருந்தால் அது வெர்மிகுலைற், அதில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் வரை அதைக் கிளறாதீர்கள்.

மறுமொழி (ஏஜக்ஸ்)

வாசற்படிக்குப் போடும் உப்பைக் கூரையில் அள்ளி வீசுங்கள். அரை நாளில் கரைந்துவிடும். நாங்கள் வருடாவருடம் செய்வது இதுதான்.

மறுமொழி (மார்க்கம்)

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். சாதாரண உப்பு ஆணியையும் பீலியையும் அரிக்கும். உருகி விழும் இடத்துச் செடிகளும் கருகும். அவசரத்துக்கு, பழைய நைலோன் காலுறையில் கல்சியம் குளோரைட்டை நிரப்பி, வரம்புக்குக் குறுக்காக, அதன் நுனி விளிம்புக்கு வெளியே நீளும்படி கிடத்தினால், அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் உருகி நீர் வடியும். கோடரியும் சுத்தியலும் ஐஸோடு ஷிங்கிளையும் பிளந்துவிடும். பெரிய வரம்பை நீராவியால் உருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஏணியில் ஏறாமல், நிலத்தில் நின்றபடியே நீளக்கைப்பிடிப் பனிவாரியால் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடிப் பனியை இழுத்துவிடலாம்; மின்கம்பி அருகில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

மறுமொழி (மிசிசாகா, முன்பு காப்புறுதிக் கோரிக்கைப் பிரிவில் பணியாற்றியவர்)

இன்றே அறிவியுங்கள். இழப்பைத் தாமதமின்றித் தெரிவிப்பதும், சேதம் மேலும் பரவாமல் நியாயமான அளவு தடுப்பதும் ஒன்ராறியோவில் காப்புறுதி எடுத்தவரின் கடமைகள். பூசி மெழுகிவிட்டு ஒரு மாதம் கழித்துக் கறை பெரிதானபின் அழைத்தால், அது திடீர்ச் சேதமா நாட்பட்ட கசிவா என்ற கேள்வி எழும். நாட்பட்ட கசிவையும் தேய்மானத்தையும் அநேகமாக எந்தக் காப்புறுதிப் பத்திரமும் ஏற்பதில்லை.

அழைப்பதற்கு முன் பத்திரத்தை எடுத்து, அது எல்லா ஆபத்துகளுக்குமான வகையா, பெயர் குறிப்பிட்ட ஆபத்துகளுக்கு மட்டுமானதா என்று பாருங்கள். ஐஸ் அணையால் உள்ளே வரும் நீரைச் சில பத்திரங்கள் அடிப்படையிலேயே ஏற்கின்றன. சிலவற்றுக்கு மேலிருந்து வரும் நீருக்கெனப் பத்திரத்தோடு தனியாகச் சேர்க்கும் இணைப்பு வேண்டும். சீலிங், சுவர், தரை, தளபாடம் ஆகியவை ஈடுசெய்யப்பட்டாலும், ஐஸை அகற்றிய கூலியும் அட்டிக்கைச் சீர்செய்யும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பிரீமியம் பற்றிய உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை: திருத்தச் செலவு டிடக்டிபிளை (கோரிக்கையில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகையை) சற்றே தாண்டுவதாக இருந்தால் கோரிக்கையால் லாபமில்லை. ஆனால் சுவருக்குள் நீர் போயிருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்; ஓரிரு நாள்களுக்குள் காயாத இடத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

வெட்டி எடுக்கும் சீலிங் துண்டுகளை அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடுபவர்) பார்க்கும் வரை எறிய வேண்டாம். நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் மரியாதையானவராக இருந்தாலும் அவர் நிறுவனத்துக்காக வருபவர் என்பதை மறக்காதீர்கள். மறுத்தால் எழுத்தில் இறுதி முடிவைக் கேளுங்கள். அதை வைத்து பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழக்குக்கான கால எல்லை ஒரு வருடமாகவே இருக்கக்கூடும் என்பதால் கடிதப் போக்குவரத்திலேயே நாளைக் கடத்திவிட வேண்டாம்.

கேட்டவர்

அட்டிக்கில் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஆணி முனைகளெல்லாம் உறைபனியால் வெளுத்திருந்தன. குளியலறை விசிறியின் குழாய் கழன்று, குளிக்கும் நீராவியெல்லாம் அங்கேயே கொட்டியிருக்கிறது. இதை அட்ஜஸ்டரிடம் சொன்னால் கோரிக்கை கெட்டுவிடுமா?

மறுமொழி (மிசிசாகா)

கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கோரிக்கை முழுவதும் போய்விடக்கூடும். குழாய் கழன்றது உங்களுக்கு இன்றுதான் தெரியும் என்பதும், சீலிங் இதுவரை உலர்ந்திருந்தது என்பதும் உங்கள் பக்கத்து உண்மைகள். அந்த அறையில் எடுத்த பழைய குடும்பப் படம் ஏதாவது இருந்தால், கறையில்லாத மூலை தெரியும் ஒன்றைத் தேடி வையுங்கள்.

கேட்டவர் (மூன்று வாரங்களின் பின்)

மகளின் பிறந்தநாள் படத்தில், பலூன்களுக்குப் பின்னால், அந்த மூலை பளிச்சென்று தெரிந்தது. அட்ஜஸ்டர் ஈரப்பதமானியை வைத்துப் பார்த்துவிட்டு, சீலிங்கையும் ஒரு பக்கச் சுவரையும் காயவைத்துத் திருத்தும் செலவை, 1,000 டொலர் டிடக்டிபிள் போக, ஏற்றுக்கொண்டார். விசிறிக் குழாயையும் அட்டிக் கதவையும் என் செலவில் அடைத்துவிட்டேன். இருப்பது வெர்மிகுலைற் அல்ல. 6 அங்குலக் கண்ணாடிப் பஞ்சுதான். இப்போதைய புதிய வீடுகளைப்போல வெப்பத் தடுப்பை ஆர்-60 அளவுக்கு உயர்த்துவதை வசந்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். நேற்று மீண்டும் பனி பெய்தது. குளியலறைக்கு மேலே இம்முறை வெள்ளை கலையவில்லை. ஆனால் கூடத்துப் பொட்லைட்களுக்கு நேர் மேலே நான்கு வட்டங்கள் உருகித் தெரிகின்றன. அவற்றை மேலிருந்து பெட்டிபோல மூடலாமா, அல்லது விளக்குகளையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி (மார்க்கம்)

விளக்கின் உட்பக்கத்தில் ஐசி (இன்சுலேஷன் தொடலாம் என்ற குறி) என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பஞ்சு தொட்டால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மூட வேண்டாம், இன்சுலேஷன் தொடக்கூடிய, காற்றுப் புகாத எல்ஈடி வகையாக மின்பணியாளரைக் கொண்டு மாற்றிவிடுங்கள். பஞ்சை உயர்த்துவது அதன் பிறகு.